டொனால்டு காட்ஸ்

டொனால்டு லாவெர்ன் காட்ஸ் (ஆகஸ்ட் 1, 1907 – மே 29, 1989) ஓர் அமெரிக்க வேதிப்பொறியாளர். மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர். நிலத்தடித் தேக்கங்களில் பாறைநெய்யும் இயற்கை எரிவளியும் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதை ஆய்வகத்தில் அளந்து, அவ்வளவீடுகளை எவரும் கையாளத்தக்க வரைபடங்களாக மாற்றியவர்களுள் இவர் முதன்மையானவர் ஆவார்.

வாழ்க்கை

மிச்சிகன் மாநிலத்தின் ஜாக்சன் நகருக்கு அருகே ஒரு பண்ணையில் பிறந்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயின்று 1933இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் ஓக்லகோமாவின் பார்டில்ஸ்வில்லில் பிலிப்ஸ் பெட்ரோலியம் நிறுவனத்தில் மூன்றாண்டுகள் பணியாற்றி, 1936இல் தாம் பயின்ற பல்கலைக்கழகத்திற்கே ஆசிரியராகத் திரும்பினார். 1951 முதல் 1962 வரை வேதிப்பொறியியல் துறைத் தலைவராக இருந்தார்.

தேக்கநிலைச் சோதனை

கிணற்றிலிருந்து தொட்டிக்கு வந்து சேரும் எண்ணெய், பாறைத் துளைகளில் இருந்த அதே நீர்மம் அன்று. ஆழத்தில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் சில நூறு மடங்கு இருக்கலாம். வெப்பநிலை நீரின் கொதிநிலையை எட்டுவதும் உண்டு. அந்நிலையில் எண்ணெயில் பெருமளவு வளி கரைந்திருக்கும். மேலே வரும்போது, மூடி திறந்த சோடாப் புட்டியில் போல, வளி பிரிந்துவிட எண்ணெய் சுருங்கும். தேக்கத்தில் ஒன்றரைப் பீப்பாய் இடத்தை அடைத்திருந்தது தொட்டியில் ஒரு பீப்பாயாக நிற்பது அரிதன்று. ஆகவே தொட்டி எண்ணெயை மட்டும் சோதித்து வயலின் இருப்பைக் கணக்கிட்டால் கணக்கு பிழைபடும். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு: தேக்க அழுத்தம் அளவுமீறித் தாழ்ந்தால் வளி பாறைக்குள்ளேயே பிரிந்து முந்திக்கொண்டு வெளியேறும், பாகுநிலை மிகுந்த எண்ணெய் பின்தங்கிவிடும். 1930களின் அமெரிக்க வயல்கள் பலவற்றில் வளியை வீணே எரித்து அழுத்தத்தை இழந்தனர்.

இதனை முன்னறிய, கிணற்றின் அடியிலிருந்து அழுத்தம் குறையாமல் மாதிரி எடுப்பர். அல்லது மேலே பிரிந்த எண்ணெயையும் வளியையும் உரிய விகிதத்தில் மீண்டும் கலப்பர். கலவையைத் தடித்த எஃகுக் கலத்தில் அடைத்துத் தேக்க வெப்பநிலைக்குச் சூடேற்றுவர். அக்காலத்தில் பாதரசத்தை உட்செலுத்தியும் வெளியேற்றியும் கனஅளவை மாற்றினர். நீர்மம் மட்டும் இருக்கும்வரை கனஅளவு சிறிது கூடினாலே அழுத்தம் செங்குத்தாக வீழும். முதற்குமிழி தோன்றியதும் வீழ்ச்சி தணியும். வரைகோடு முறியும் அவ்விடமே குமிழ்ப்புள்ளி அழுத்தம்.

ஸ்டாண்டிங்–காட்ஸ் வரைபடம்

ஒவ்வொரு கிணற்றின் மாதிரியையும் இவ்வாறு சோதிப்பது செலவும் காலமும் மிக்க வேலை. காட்சும் அவருடைய ஆய்வு மாணவரான மார்ஷல் ஸ்டாண்டிங்கும் இதற்கு வழிகண்டனர். வளிக்கலவைகள் தம்முள் எவ்வளவு வேறுபட்டாலும், அவற்றின் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் அவற்றின் மாறுநிலை அளவுகளோடு ஒப்பிட்டுக் குறித்தால் ஏறத்தாழ ஒன்றுபோலவே நடக்கின்றன. இந்த அடிப்படையில் அவர்கள் 1942இல் வெளியிட்ட வரைபடத்திலிருந்து, இயற்கை எரிவளி இலட்சிய வளி விதியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை ஒரே பார்வையில் படிக்கலாம். கரியமில வளியும் ஐதரசன் சல்பைடும் மிகுந்த கலவைகளுக்கு இது பொருந்தவில்லை. அதற்கான திருத்தம் 1970களில் பிறர் வகுத்தது. கணினிகள் வந்தபின் இக்கோடுகளுக்கே சமன்பாடுகள் பொருத்தப்பட்டன. படம் வழக்கொழிந்துவிடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

பிற பணிகள்

நீரும் எரிவளியும் உயரழுத்தத்தில் கூடி, நீரின் உறைநிலைக்கு மேலேயே பனிக்கட்டி போன்ற திண்மமாகிக் குழாய்களை அடைத்துவிடும். இந்த ஐதரேட்டுகள் எப்போது உருவாகும் என்று கணிக்கும் முறையையும் காட்ஸ் தம் மாணவர்களுடன் வகுத்தார். நிலத்தடியில் எரிவளியைச் சேமிப்பது குறித்தும் ஆராய்ந்தார். 1959இல் பிறருடன் இணைந்து எழுதிய இயற்கை எரிவளிப் பொறியியல் கையேடு இத்துறையின் அடிப்படை நூலாயிற்று.

1977இல் ஓய்வு பெற்றார். 1982ஆம் ஆண்டிற்கான அமெரிக்கத் தேசிய அறிவியல் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.