திங்கட்கிழமை பேசாத மனிதர்

காந்தின்னு சொன்னதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது ரூபாய் நோட்டும் அக்டோபர் 2 லீவும்தான். அதைத் தாண்டி அவரைப் பற்றி நாம் பெரிசா யோசிப்பதில்லை. இந்தக் கட்டுரையில் அவருடைய வாழ்க்கையை ஒரே ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கப் போகிறோம். அது அவருடைய மௌனம். பேசப் பயந்து வாயை மூடிக்கொண்ட ஒரு பையன், கடவுள் சொல்வதைக் கேட்கணும் என்பதற்காகப் பேச்சை நிறுத்திய மனிதராக எப்படி மாறினார்?

1869-ல் குஜராத்தின் போர்பந்தரில் பிறந்தவர் மோகன்தாஸ். அம்மா புத்லிபாய் விரதம் இருப்பதில் கெட்டிக்காரர். ஒரு மழைக்காலம் முழுக்க, சூரியனைப் பார்க்காமல் சாப்பிடுவதில்லை என்று விரதம் எடுத்துக்கொண்டார். மழைக்காலத்தில் சூரியன் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? பிள்ளைகள் வெளியே நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெயில் எட்டிப் பார்த்ததும் உள்ளே ஓடி அம்மாவைக் கூப்பிடுவார்கள். அவர் வெளியே வருவதற்குள் மேகம் மூடிவிடும். இன்றைக்குத் தான் சாப்பிடுவதில் கடவுளுக்கு விருப்பமில்லை போல என்று எடுத்துக்கொண்டு, முகம் சுளிக்காமல் வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். கடவுளுடைய விருப்பத்துக்காகக் காத்திருப்பது என்றால் என்ன என்பதை மோகன்தாஸ் முதலில் பார்த்தது வீட்டு வாசலில்தான்.

ஆனால் அந்தப் பையனின் ஆரம்ப கால மௌனத்தில் பக்தி எதுவும் இல்லை. வெறும் கூச்சம். பள்ளி மணி அடித்ததும், யாராவது பேச்சுக் கொடுத்துவிடப் போகிறார்களே என்று வீட்டுக்கு ஓடிவிடுவார். 1888-ல் சட்டம் படிக்க லண்டன் போன பிறகும் இது மாறவில்லை. அங்கே சைவ உணவாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தார். ஓர் உறுப்பினரை நீக்குவது பற்றி விவாதம் வந்தது. நீக்கக் கூடாது என்பது அவர் கருத்து. அதை எழுதிக்கொண்டு போனார், ஆனால் எழுந்து வாசிக்க வாய் வரவில்லை. வேறொருவர்தான் வாசித்தார்.

பாரிஸ்டராகி ஊர் திரும்பியவர் பம்பாயில் எடுத்த முதல் வழக்குக்கு ஃபீஸ் 30 ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்றார். தலை சுற்றியது, ஒரு கேள்விகூட வரவில்லை. வழக்கை வேறொருவரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். நம்ம பாஷையில் சொன்னால், முதல் பிரசன்டேஷனே ஃப்ளாப்.

1893-ல் வேலைக்காகத் தென்னாப்பிரிக்கா போனார். ரயிலில் முதல் வகுப்பு டிக்கெட் கையில் இருந்தும், நிறத்தைக் காரணம் காட்டி பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் இறக்கிவிட்டார்கள். கடுங்குளிர். மேல்கோட்டு பெட்டியோடு அதிகாரிகளிடம் இருந்தது. திரும்பவும் அவமானப்படுவோமோ என்று அதைக் கேட்கக்கூட அவர் போகவில்லை. வெயிட்டிங் ரூமில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார். ஊருக்குத் திரும்புவதா, இங்கேயே இருந்து எதிர்த்து நிற்பதா? விடிவதற்குள், இருப்பது என்று முடிவெடுத்திருந்தார்.

அதற்குப் பிறகு பிரிட்டோரியாவில் இருக்கும் இந்தியர்களை ஒரு கூட்டத்துக்கு அழைத்தார். வியாபாரத்தில் உண்மையாக இருப்பது பற்றிப் பேசினார். தன் வாழ்க்கையின் முதல் பொதுப்பேச்சு அதுதான் என்று பிற்பாடு எழுதியிருக்கிறார். சொல்வதற்கு ஒரு விஷயம் வந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

இங்கேதான் கதையில் ஒரு திருப்பம். பயத்தால் வந்த மௌனம் விலக ஆரம்பித்த காலத்தில், அவர் வேறொரு மௌனத்தைப் பார்த்தார். 1895-ல் டர்பன் பக்கத்தில் மேரியன்ஹில் என்ற இடத்திலுள்ள ட்ராப்பிஸ்ட் கிறிஸ்தவத் துறவிகளின் மடத்துக்குப் போனார். அங்கே பெரும்பாலானோர் மௌன விரதம் இருப்பவர்கள். வயலிலும் பட்டறையிலும் வேலை நடக்கும், பேச்சு மட்டும் இருக்காது. ஏன் இப்படி என்று ஒரு துறவியிடம் விசாரித்திருக்கிறார். மனிதர்கள் பலவீனமானவர்கள், என்ன பேசுகிறோம் என்றே நமக்குப் பல நேரம் தெரிவதில்லை. நமக்குள்ளே எப்போதும் பேசிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னக் குரலை, நாமே ஓயாமல் பேசினால் எப்படிக் கேட்க முடியும் என்பதுதான் கிடைத்த பதிலின் சாரம். பல வருஷம் கழித்தும் காந்தி இதை நினைவுகூர்ந்திருக்கிறார்.

1920-களில் திங்கட்கிழமை மௌனம் அவருடைய பழக்கமானது. ஆரம்பத்தில் காரணம் ரொம்ப சாதாரணம். ஓயாத கூட்டங்கள், பார்க்க வரும் ஜனங்கள், உடம்புக்கு ஓய்வு வேணும், எழுதவும் நேரம் வேணும். போகப் போகத்தான் அந்த நாள் கடவுளோடு இருப்பதற்கான நாளாக ஆனது என்று அவரே சொல்லியிருக்கிறார். அவசரம் என்றால் துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டுவார்.

இந்தப் பழக்கத்துக்குப் பெரிய சோதனை 1930-ல் வந்தது. முழு சுதந்திரமே லட்சியம் என்று லாகூர் காங்கிரஸ் தீர்மானம் போட்டுவிட்டது. போராட்டம் எப்படி இருக்கணும் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் காந்தி. நாடே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் சபர்மதி ஆசிரமத்தில் இருந்தார். ஜனவரியில் தாகூர் வந்து திட்டம் என்ன என்று கேட்டபோது, இரவும் பகலும் யோசிக்கிறேன், இன்னும் வெளிச்சம் தெரியவில்லை என்ற அர்த்தத்தில்தான் பதில் சொன்னார். இவ்வளவு பெரிய தலைவர், தெரியலைன்னு வெளிப்படையா சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

பிப்ரவரியில் விடை கிடைத்தது. உப்பு! கேள்விப்பட்டதும் காங்கிரஸ் தலைவர்களிலேயே பலருக்குக் குழப்பம். உப்புக்கும் சுதந்திரத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் ஏழை, பணக்காரன் எல்லாரும் சாப்பிடும் பொருள், எல்லாரும் வரி கட்டும் பொருள் அது. மார்ச் 12-ல் 78 பேரோடு கிளம்பி, 24 நாள், சுமார் 385 கிலோமீட்டர் நடந்து தண்டி போய்ச் சேர்ந்தார். வழியில் திங்கட்கிழமைகளில் நடை இல்லை. ஓய்வும் மௌனமும்தான். ஏப்ரல் 6-ல் உப்பை அள்ளினார். மீதி நமக்குத் தெரியும்.

அப்போ உள்ளே கேட்கும் குரலெல்லாம் கடவுளுடையதுதானா? இந்தக் கேள்வியை நாம் தாண்டிப் போக முடியாது. 1933-ல் எரவாடா சிறையில் ஒரு நள்ளிரவில் அந்தக் குரலைத் தெளிவாகக் கேட்டதாகச் சொல்லி, தீண்டாமைக்கு எதிரான 21 நாள் உண்ணாவிரதத்தை மே 8-ல் தொடங்கினார். ராஜாஜி உட்பட நெருங்கிய நண்பர்களே வேண்டாம் என்று வாதாடினார்கள். அதற்கு முந்தைய வருஷம், தனித் தொகுதிகளை எதிர்த்து அவர் இருந்த உண்ணாவிரதத்தின் நெருக்கடியில்தான் அம்பேத்கர் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. அதை அம்பேத்கர் பின்னாளில் கடுமையாக விமர்சித்தார். ஒருவர் தன் மனசாட்சிக்காக உயிரையே பணயம் வைத்தால், எதிரே இருப்பவருக்கு மறுத்துப் பேச இடம் எங்கே இருக்கிறது? இது நியாயமான கேள்வி. இன்றைக்கும் முடியாத விவாதம்.

தான் கேட்ட குரலை நிரூபிக்க முடியாது என்று காந்தியும் ஒத்துக்கொண்டார். ஆனால், ஆளாளுக்கு உள்குரல் கேட்டதாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்பதிலும் கண்டிப்பாக இருந்தார். விஞ்ஞானச் சோதனை செய்பவருக்கு எப்படி முதலில் முறையான பயிற்சி தேவையோ, அதுபோல இதற்கும் கடுமையான ஒழுக்கப் பயிற்சி தேவை என்பது அவர் வாதம். லேபுக்குள் போகிற நமக்கு இந்த உதாரணம் நல்லாவே புரியும். காலிபரேட் செய்யாத கருவி காட்டும் ரீடிங்கை யார் நம்புவார்கள்?

1947 ஜூன் 2-ம் தேதி. நாட்டைப் பிரிக்கும் திட்டம் பற்றிப் பேச மவுண்ட்பேட்டன் அவரைச் சந்தித்தார். அன்று திங்கட்கிழமை. அவசர விஷயத்தில் உயர் பதவியில் இருப்பவர்களோடு பேசலாம் என்று தன் விரதத்தில் அவரே ஒரு விலக்கு வைத்திருந்தார். அன்றைக்கு அதைப் பயன்படுத்தவில்லை. பழைய கவர்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். பிரிவினையை அவரால் தடுக்க முடியவில்லை. ஆகஸ்ட் 15 அன்று டெல்லி கொண்டாடியபோது, அவர் கல்கத்தாவில் உண்ணாவிரதமும் பிரார்த்தனையுமாக இருந்தார். மௌனமாக இருந்தால் நினைத்ததெல்லாம் நடக்கும் என்பதில்லை. நடக்காதபோதும் அவர் அந்தப் பழக்கத்தை விடவில்லை. 1948 ஜனவரி 30-ல் சுடப்பட்டபோதும் அவர் போய்க்கொண்டிருந்தது பிரார்த்தனைக் கூட்டத்துக்குத்தான்.

நண்பர்களே, பிளேஸ்மென்ட்டா, மேற்படிப்பா, சொந்தத் தொழிலா என்று முடிவெடுக்க வேண்டிய வயதில் இருக்கிறோம். வீட்டில் ஒரு சத்தம், சீனியர்களிடம் ஒரு சத்தம், போனுக்குள் ஆயிரம் சத்தம். வாரத்தில் ஒரு நாள் பேசாமல் இருப்பது நமக்குக் கஷ்டம்தான். ஒரு மணி நேரமாவது போனை ரூமிலேயே வைத்துவிட்டு, மைதானத்து ஓரத்தில் தனியாக உட்கார்ந்து பார்க்கலாம். நம்பிக்கை இருப்பவர்கள் அதைக் கடவுள் என்பார்கள், இல்லாதவர்கள் மனசாட்சி என்பார்கள். முதல் நாளே பதில் வராது. காந்திக்கே உப்பு தெரிய வாரக்கணக்கில் ஆனது.