மல்லர் ரிக்கிடோசான்

மல்யுத்தத்தில் ஆற்றல் காட்டிப் புகழெய்தினோர் பலருளர். தம் பிறப்பிடத்தை மறைத்துக்கொண்டே ஒரு தேசத்தார் அனைவர்க்கும் கண்மணியாய் விளங்கினோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஜப்பான் தேசம் போற்றிய ரிக்கிடோசான் என்பார்.

இவர் கொரியா தேசத்தின் வடபாகத்தில் 1924-ஆம் ஆண்டிற் பிறந்தவர். இயற்பெயர் கிம் சின்-ராக். 1910 முதல் அந்நாடு ஜப்பானியர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. இளமையிலேயே உடல்வலி மிக்கிருந்த இவர் ஜப்பான் சென்று, 1940-இல் சுமோ என்னும் தொன்முறை மற்போரிற் புகுந்தார். எதிரியை வட்டத்திற்கு வெளியே தள்ளியேனும் நிலத்தில் வீழ்த்தியேனும் வெல்வது அப்போர். ரிக்கிடோசான் என்பது அக்களத்தில் இடப்பட்ட பெயரேயாம். நாகசாகியைச் சார்ந்த ஓமுரா என்னும் ஊரினர், மொமோத்தா குடும்பத்தினர் என்றே இவரைக் குறித்து எழுதலாயினர். பின்னர்க் குடும்பப் பதிவேட்டிலும் அவ்வாறே ஏறிற்று. யார் மகன், எவ்வூரினன் என வினவிய பின்னரன்றி ஒருவனைத் திண்ணையில் அமரச் சொல்லாத நமக்கு, பிறிதொரு குடியின் பெயரைப் போர்த்துக்கொண்டு வாழ நேர்ந்தவர் துயரம் எளிதிற் புலனாகும்.

சுமோவில் மூன்றாம் படியாகிய செக்கிவாக்கே நிலை வரை உயர்ந்தவர், 1950-இல் தம் குடுமியைத் தாமே அறுத்தெறிந்துவிட்டு அதனின்று நீங்கினார். காரணம் பலவாறு கூறுப.

நிற்க. 1951-இல் அமெரிக்க மல்லர் குழுவொன்று ஜப்பான் வந்தபோது இவர் அவர்தம் முறையைக் கைக்கொண்டார். மறு ஆண்டு ஹவாய்த் தீவிற்குச் சென்று பயின்று மீண்டு, 1953-இல் தமக்கென ஒரு மல்லர் சங்கம் நிறுவினார். அவ்வாண்டிலேதான் அந்நாட்டில் டெலிவிஷனும் தோன்றிற்று. பெட்டி வாங்கும் பொருள்வசதி பெரும்பாலார்க்கு இல்லாமையின், நிலையத்தார் பொதுவிடங்களில் அவற்றை நிறுவிவைத்தனர். 1954 பிப்ரவரி 19-ஆம் நாள், ரிக்கிடோசானும் ஜூடோ வல்லுநர் கிமுராவும் இணைந்து ஷார்ப் சகோதரர் இருவரை எதிர்த்தனர். தெருவெல்லாம் மக்கள் வெள்ளம். விரித்த கையின் ஓரத்தால் வெட்டுவதுபோல ரிக்கிடோசான் அடிக்கும் அடி அப்பேருருவினர்மீது விழுந்தபொழுதெல்லாம், போரில் தோற்றுப் பிறர் படையின் ஆளுகையிற் கிடந்தெழுந்த மக்கள் தம் நெஞ்சின் புண் ஆறியதாகவே மகிழ்ந்தனர். அமெரிக்கரென அவர்கள் கொண்ட அச்சகோதரர் கனடா நாட்டினர். தம்மவரென அவர்கள் கொண்டாடியவரோ கொரியர்!

இவ்வகைப் போரில் வெற்றி தோல்விகள் முன்னரே பேசி முடிப்பன என்பதை மறைத்தல் வேண்டா. உடல் படும் நோவு மட்டும் மெய்யேயாம். அவ்வாண்டு டிசம்பரில் அதே கிமுரா இவர்க்கு எதிராக நின்றார். சமநிலையில் முடிப்பதாகவே உடன்பாடு என்று கிமுரா பிற்காலத்துரைத்தார். ரிக்கிடோசானோ இடையில் மெய்யாகவே அடிக்கத் தொடங்கிக் குருதி சோர அவரை வீழ்த்தினார். இவர் வாழ்விற் படிந்த கறைகளுள் இதனை எம்மால் ஒதுக்கவியலவில்லை.

1957-இல் உலக வீரர் லூ தெஸ் என்பாரோடு ஒரு மணி நேரம் பொருது சமநிலை எய்தினார். மறு ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அவரை வென்று சர்வதேசப் பட்டம் பெற்றார். 1963 மே மாதம் டெஸ்ட்ராயர் என்னும் முகமூடி மல்லரோடு இவர் பொருததை ஜப்பானிய வீடுகளில் நூற்றுக்கு 64 வீட்டார் கண்டனர் என்ப. பாபா, இனோக்கி என்னும் பெருமல்லர் இருவரும் இவர் மாணாக்கரே. தென்கொரியாவினின்று மறைவாகக் கடல் கடந்து தம்மை நாடி வந்த கிம் இல் என்னும் இளைஞரையும் மாணாக்கராக ஏற்றார். அவர்க்கும் களத்தில் ஜப்பானியப் பெயரே இடப்பட்டது.

1963 ஜனவரியில் தென்கொரியா சென்று மீண்டார். அச்செலவு ஜப்பானில் பரவலாகப் பேசப்படவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 8-ஆம் நாள் இரவு, தோக்கியோவின் அக்கசாக்கா பகுதியிலுள்ள கேளிக்கை விடுதியொன்றில் எழுந்த பூசலில் ரவுடிக் கூட்டத்தான் ஒருவன் இவர் வயிற்றிற் கத்தியாற் குத்தினான். உயிர்க்கு இறுதி நேரும் என எவரும் கருதிற்றிலர். சத்திரசிகிச்சை செய்தும் புண் சீழ்கொண்டு, 15-ஆம் நாள் உயிர் நீத்தார். அப்போது வயது 39.

தோக்கியோவில் இக்கேகாமி ஹொன்மொன்ஜி என்னும் பௌத்த ஆலயத்தில் இவர் சமாதி உளது. இவர் கொரியர் என்னும் செய்தி ஜப்பானிய மக்கள் பலர்க்கும் தெரியவந்தது, சமாதி எழுந்து பல்லாண்டுகள் சென்ற பின்னரேயாம்.