ஜெனரல் சர் ஆர்தர் காட்டன்

போர்வீரரின் புகழ் பெரும்பாலும் அவர் வென்ற களங்களாலும் அழித்த அரண்களாலும் அளக்கப்படுகின்றது. எனினும், நெடுங்காலம் படையிற் பதவி வகித்தும், அழிவுத் தொழிலாலன்றி ஆக்கத் தொழிலாற் புகழெய்தினோர் சிலர் உளர். அன்னாருள் ஒருவர் சர் ஆர்தர் காட்டன். காவிரி நாட்டார்க்கும் கோதாவரி நாட்டார்க்கும் அவர் ஆற்றிய தொண்டினை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1803-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் இங்கிலாந்திற் பிறந்தார். அடிஸ்கோம்பில் கிழக்கிந்தியக் கம்பெனியார் நடத்திய படைப்பள்ளியிற் பயின்று, 1819-இல் சென்னை இஞ்சினீயர் படையிற் சேர்ந்து, 1821-இல் இந்நாடு போந்தார். 1824-இல் மூண்ட பர்மியப் போரிலும் பணியாற்றினார். போர் முடிந்தபின் அவரது உள்ளத்தைக் கவர்ந்தது வாளன்று, நீரே.

அந்நாளில் தஞ்சை வளநாடு நலிவுற்றிருந்தது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே காவிரியினின்றும் பிரியும் கொள்ளிடம் தாழ்ந்த படுகையை உடையது. காவிரித் தலைப்பில் மணல் மேடிடவே, வெள்ளத்திற் பெரும்பகுதி கொள்ளிடத்தின் வழியே வீணே கடலிற் கலந்தது; வயல்கள் வறண்டன. கொள்ளிடத்தின் குறுக்கே அணைகோலுதலே இதற்கு மருந்தாகும். ஆயின், ஆழங்காணவியலா மணலின்மேற் கடைக்கால் இடுவது எங்ஙனம்?

இவ்வினாவிற்கு விடையளித்தது கரிகாலன் பெயரோடு வழங்கும் கல்லணையே. பண்டைத் தச்சர் மணலிலே கற்களைக் கொட்டி, அவை அமிழ அமிழ மேலும் கொட்டி, அவை அசையாது நிலைபெற்ற பின்னர் அவற்றின்மேல் அணையை எழுப்பியிருந்தனர். காட்டன் அதனைக் கூர்ந்து நோக்கிக் கற்றார். கற்றது யாரிடம் என்பதையும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஆளுவோர் ஆளப்படுவோரிடம் பாடங்கேட்பது அரிதாயிருந்த காலம் அது. 1836-இல் முக்கொம்பில் மேலணையும், கொள்ளிடத்திற் கிழக்கே கீழணையும் எழுந்தன. தஞ்சை வயல்கள் மீண்டும் செழித்தன. அணைக்கட்டு என்னும் நம் சொல்லும் சிறிது திரிந்து ஆங்கில மொழியிற் குடிபுகுந்தது.

கோதாவரிக் கரையில் நிலைமை இதனினும் கொடிது. 1833-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில், குண்டூர்ச் சீமையில் 5 இலட்சம் மக்களுள் ஏறத்தாழ 2 இலட்சம் பேர் மாண்டனர் என்பர். பெரிய ஆறு அருகே ஓட, அதன் கரையிலுள்ளார் நீரின்றி மடிந்தனர். தவளேசுவரத்தில் தீவுகளுட்பட ஏறத்தாழ 4 மைல் அகன்ற ஆற்றை நான்கு பகுதிகளாக மறிக்கும் வேலையைக் காட்டன் 1847-இல் தொடங்கினார். அருகிலுள்ள குன்றிற் கல் வெட்டி, தண்டவாளத்தின்மீது ஆற்றிற்குக் கொணர்ந்தனர். வெயிலும் நோயும் அவர் உடலை வாட்டின; பணி நிற்கவில்லை. 1852-இல் அது முற்றுப்பெற்றது. பசியாற் பாழ்பட்ட நாடு நெற்களஞ்சியம் ஆயிற்று. பின்னர்ப் பெஜவாடாவிற் கிருஷ்ணையின் குறுக்கேயும் அணை எழுந்தது.

இவையனைத்தும் அருள் ஒன்றாலேயே எழுந்தன என்று நாம் கூறோம். வரி பெருகும் என்பதனாலேயே கம்பெனியார் பொருளளித்தனர். கல் சுமந்த ஆயிரக்கணக்கான கூலியாட்களின் பெயர்களும் ஏட்டில் இல்லை. காட்டன் கருதியவை யாவும் கைகூடியதும் இல்லை. அவர் கருத்தைப் பின்பற்றி ஒரு தனிக் கம்பெனியார் வெட்டிய கர்நூல்-கடப்பைக் கால்வாய் நட்டத்தில் முடிய, 1882-இல் அரசாங்கத்தார் அதனை ஏற்க நேர்ந்தது. இருப்புப்பாதைக்குச் செலவிடும் பொருளிற் பெரும்பகுதியைக் கால்வாய்க்கு அளிக்கவேண்டும் என அவர் வாதாடினார். தாதுவருடப் பஞ்சம் இலட்சக்கணக்கானோரைக் கொள்ளைகொண்ட பின், 1878-இல் பாராளுமன்றக் குழுவின் முன்னும் அதனையே வற்புறுத்தினார். பலர் அவரை எள்ளினர், அவர் தளர்ந்திலர். ரயில் தானியத்தைச் சுமந்து செல்லும், விளைவிப்பது நீரன்றோ?

1861-இல் சர் பட்டம் பெற்றார். 1877-இல் ஜெனரல் பதவியோடு ஓய்வு பெற்றார். முதுமையிலும் வாளாவிராது, டார்க்கிங் நகரில் தம் தோட்டத்திற் கோதுமை விளைச்சலைப் பெருக்கும் வழியை ஆராய்ந்தார். 1899-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 24-ஆம் நாள், தமது 96-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

கல்லும் காலத்திற்குத் தப்புவதில்லை. தவளேசுவரத்தில் 1982-இல் முற்றுப்பெற்ற புதிய அணை அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. முக்கொம்பு மேலணையின் ஒரு பகுதியை 2018-ஆம் ஆண்டு வெள்ளம் அடித்துச் சென்றது. பின்னர்ப் புதிய கதவணை திறக்கப்பெற்றது. ஆயினும், கோதாவரி நாட்டு ஊர்களிற் குதிரைமீதமர்ந்த அவருடைய சிலைகளுக்கு உழவர் இன்றும் மாலை சூட்டுகின்றனர். அயல்நாட்டுப் படைத்தலைவர் ஒருவருக்கு அவர் இத்துணை அன்பு காட்டுவது எதனால்? அவர் வென்ற போருக்காகவன்று. தம் வயலிற் பாய்ந்த நீருக்காகவே.

கல்வி கற்கும் நாம் அவரிடத்துக் கொள்ளத்தக்கன இரண்டு. பயின்ற கலையைப் பிறர் பசி தீர்க்கப் பயன்படுத்தல் ஒன்று; முன்னோர் வைத்த கல்லையும் ஆசிரியனாகக் கொண்டு வணங்கிக் கற்றல் மற்றொன்று. இவ்விரண்டும் உடையார்க்குப் பதவி எதுவாயினும் அது தொண்டாகவே முடியும்.