அயர்லாந்து தந்த ஆசான்

தன் நாட்டுப் பழங்கதைகளில் தோய்ந்து, பின்னர் நம் தென்னாட்டையே தாயகமாகக் கொண்டு மறைந்தவர் ஜேம்ஸ் கசின்ஸ். அவரது வாழ்க்கை, கடற்கரை ஊரிலிருந்து கல்லூரிக்கு வரும் என் போன்றோர்க்கு ஒரு தனிப் பாடம் என்பது என் எண்ணம்.

கசின்ஸ் 1873-ஆம் ஆண்டு பெல்பாஸ்ட் நகரில் கிறித்தவக் குடும்பமொன்றில் பிறந்தார். பின்பு டப்ளின் சென்று, கவிஞர் யேட்ஸ், ஜார்ஜ் ரஸ்ஸல் முதலியோருடன் பழகினார். கெல்ட்டியப் பழமையில் அவருக்கு ஈடுபாடு வளர்ந்தது அந்நாளில்தான்.

கெல்ட்டிய மக்களின் குருமார் துரூயிதுகள் எனப்பட்டனர். அவர்கள் ஓக் மரச் சோலைகளைப் புனிதமாகக் கருதினர். பறவைகளின் போக்கைக் கண்டு குறி சொல்லினர். ஆவுடையார்கோயில் குருந்த மரத்தையும் பஞ்சபட்சி சாத்திரத்தையும் அறிந்த நமக்கு இவை புதுமையாகத் தோன்றா. ஆனால், தம் மறைகளை எழுதிவைத்தல் ஆகாது என்பது அவர்கள் கொள்கை. எனவே, அகழ்வாய்வு நீங்கலாக, அவர்களை அறிய நமக்குள்ள வழிகள் மூன்றே. ஒன்று, அவர்களை வென்ற உரோமர் எழுதிய குறிப்புகள். ஜூலியஸ் சீசரே எழுதியிருக்கிறார். இரண்டு, இடைக்காலத்தில் அயர்லாந்துக் கிறித்தவத் துறவிகள் எழுதிவைத்த கதை ஏடுகள். மூன்று, குடியானவர் வாய்வழியே வந்த கதைகள். வேற்றுச் சமயத்தாரின் எழுதுகோலே அப்பழங்கதைகளைக் காத்தது என்பதை எண்ணி நான் வியந்ததுண்டு.

அவ்வேடுகளில் ஒரு கதை. கொன்லா என்னும் இளவரசனைத் தேவமங்கை ஒருத்தி அழைக்கிறாள். துரூயிது மந்திரம் ஓதித் தடுக்கிறான். அவள் எறிந்த ஆப்பிளை ஒரு திங்கள் உண்டும் அது குறையவில்லை. முடிவில் இளவரசன் பளிங்குப் படகேறி அவளோடு கடலில் மறைகிறான். இக்கதையைத் தழுவிக் கசின்ஸ் எழுதிய நாடகம் 1902-இல் டப்ளினில் அரங்கேறியது. ஐரிஷ் புராணங்களின் உட்பொருளை விளக்கும் நூலொன்றை 1912-இல் வெளியிட்டார்.

அன்னி பெசண்ட் அம்மையாரின் அழைப்பை ஏற்று, 1915-இல் மனைவி மார்கரெட்டுடன் சென்னை வந்து, நியூ இந்தியா இதழில் பணிபுரிந்தார். மறு ஆண்டு டப்ளினில் விடுதலைக் கிளர்ச்சி வெடித்தது. அதன் வீரர்களைப் போற்றி எழுதியதால் அவர் வேலை போயிற்று. பின்னர் மதனப்பள்ளிக் கல்லூரியில் ஆசிரியராகி முதல்வராகவும் உயர்ந்தார். 1919-இல் அங்கு வந்து தங்கிய தாகூர், ஜன கண மன பாடலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். மார்கரெட் அம்மையார் அதன் இசைக்குக் குறிப்பு எழுதினார். 1935-இல் திருவனந்தபுரத்தில் சித்திரக்கூடம் அமையவும் கசின்ஸ் துணைநின்றார். பிற்காலத்தில் இந்து சமயத்தைத் தழுவிய அவர், 1956-இல் மதனப்பள்ளியிலேயே காலமானார்.

தன் மண்ணின் கதையை மதித்தவர்க்கே பிறர் மண்ணின் கதையும் விளங்கும் என்பதற்கு அவர் சான்று. எங்கள் கோட்டைப்பட்டினத்து இராவுத்தர் தர்காவுக்கு இசுலாமியரும் வருகின்றனர், இந்துக்களும் வருகின்றனர். அங்கு வழங்கும் கதைகளையும், காற்றும் நீரோட்டமும் கண்டு கடலின் குணம் உரைக்கும் முதியோர் சொற்களையும் எழுதிவைத்தவர் எத்துணைப் பேர்? மேலே சொன்ன மூன்றாம் வழி நமக்கு இன்னும் அடைபடவில்லை. வரும் கோடை விடுமுறையில், நண்பர்களே, ஆளுக்கொரு நோட்டுப் புத்தகத்துடன் நம் ஊர்ப் பெரியவர்கள் அருகே அமர்வோம்.