டாக்டர் ஸிட்னி பார்பர்

குழந்தை பிழைக்குமா என்று கேட்கும் தாய் தந்தையருக்கு வைத்தியர் என்ன விடை கூறுவது? இதனினும் கடினமான கடமை வைத்தியத் தொழிலில் வேறில்லை என்பது நமது அபிப்பிராயம். இவ்விஷயத்தில் அமெரிக்க வைத்தியர் ஸிட்னி பார்பரின் ஜீவிய சரித்திரம் சிந்திக்கத் தக்கது.

அவர் 1903-ஆம் வருஷம் பபலோ நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். 1927-ல் ஹார்வர்டில் வைத்தியப் பட்டம் பெற்று, பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நோய்க்கூறு நிபுணராக அமர்ந்தார். இறந்த குழந்தைகளின் சரீரங்களைப் பரிசோதிப்பது அவர் வேலையாயிற்று. ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ மடிவதை அவர் ஓயாது கண்டார். புற்றுநோயின் பெயரையே நோயாளிக்கு மறைப்பது அக்காலத்து வைத்தியர் பலரின் வழக்கம்.

1947-ஆம் வருஷக் கடைசியில் அமினாப்டெரின் என்னும் மருந்தை அவர் குழந்தைகளுக்குக் கொடுக்கலானார். லெடர்லி ஆராய்ச்சிசாலையில் அதனைத் தயாரித்தளித்த கூட்டத்தின் தலைவர், சென்னை வைத்தியக் கல்லூரியில் பயின்ற எல்லாப்ரகட சுப்பராவ் என்பதை நம்மவர் மறத்தலாகாது. 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. ஆயினும் 1948 ஜூன் மாதம் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே, அத்தணிவு தற்காலிகமானது என்று பார்பர் எழுதிவிட்டார். இல்லாத வெற்றியை அவர் பறைசாற்றவில்லை. பிறந்த நம்பிக்கையை அடக்கவுமில்லை.

பின்னர் அவர் நிறுவிய வைத்தியசாலையில் முழுப் பராமரிப்பு என்னும் முறையைக் கைக்கொண்டார். வைத்தியர், தாதியர், உணவு நிபுணர், சமூக ஊழியர் யாவரும் ஒரே கூரையின் கீழ்க் கலந்தாலோசித்தனர். நோயுற்றது குழந்தை மட்டுமன்று, குடும்பமுமே என்பது அவர் கொள்கை. 1973-ல் அவர் காலமானார்.

அன்று தற்காலிகமாயிருந்த தணிவு இன்று பெரும்பாலோர்க்கு நிலைத்துவிட்டது. குழந்தைகளுக்கு மிகுதியாய் வரும் ரத்தப் புற்றுநோயில், செல்வம் மிக்க தேசங்களில் 100-க்குச் சுமார் 90 பேர் பிழைக்கின்றனர். எஞ்சியோரின் பெற்றோருக்கு என்ன சொல்வது என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. பார்பரின் பெயர் தாங்கும் ஸ்தாபனத்து ஆராய்ச்சியாளர் 2006, 2007-ஆம் வருஷங்களில் இதை ஆராய்ந்தனர். உண்மை மனத்தை வருத்தினும் பெற்றோர் அதையே வேண்டுகின்றனர் என்றும், விவரமாய்க் கேட்டோர் நம்பிக்கையிழந்து போகவில்லை என்றும் கண்டனர்.

இரக்கம் வேறு, மறைப்பு வேறு. உண்மையை அறியாத பெற்றோர் குழந்தையின் எஞ்சிய நாட்களை எவ்வாறு செலவிடுவதென்று தீர்மானிக்க இயலாது. ஆதலின் வைத்தியர் நடைவழியில் நின்றபடி ஒரு வார்த்தை சொல்லிப் போகாமல், உடன் அமர்ந்து, அவர்கள் தாங்குமளவுக்குச் சிறிது சிறிதாய், ஆனால் பொய்யின்றி உரைத்தல் வேண்டும். பின்பு அவர்களைக் கைவிடாதிருத்தலும் வேண்டும். பார்பரின் வாழ்க்கை புகட்டும் பாடம் இதுவே.