விஞ்ஞானத்தைத் தமிழாக்கிய விபுலாநந்த அடிகள்

யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியின் இரசாயன வகுப்பில் 1917ஆம் ஆண்டளவில் ஓர் இளம் ஆசிரியர் வந்து சேர்ந்தார். பெயர் மயில்வாகனம். சொந்த ஊர் கீழ்மாகாணத்துக் காரைதீவு. இந்துவான இவரைக் குருமார் நடத்திய கல்லூரி இரசாயனம் கற்பிக்க அமர்த்தியது. பிற்காலத்தில் சுவாமி விபுலாநந்தர் என்று தமிழுலகம் முழுவதும் போற்றிய பெரியார் இவரே. இவர் தந்த யாழ் நூலைப் பலரும் அறிவர். ஆனால் நம் பிள்ளைகள் இன்று தமிழில் விஞ்ஞானம் படிக்கிறார்களே, அதற்காக இவர் பட்ட பாட்டை நினைப்பவர் குறைவு.

சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்கு 1892இல் பிறந்த மயில்வாகனம், கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் பின்னர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். மிக்கேல் கல்லூரியை அப்போது நடத்தியவர்கள் இயேசு சபைக் குருமார். அங்கே கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் இட்ட அத்திவாரம் கடைசிவரை அவருக்கு உதவிற்று. பதினாறாவது வயதிலேயே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறி, அதே கல்லூரியில் ஆசிரியருமானார். பின்னர் கொழும்பில் ஆசிரிய பயிற்சியும், தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானப் படிப்பும் பெற்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டித பரீட்சையிலும் சித்தியடைந்தார். ஒரு கையில் சோதனைக் குழாய், மறு கையில் தொல்காப்பியம்! அக்காலத்தில் இவ்விரண்டும் ஒருவரிடம் சேர்வது அபூர்வம். தமிழ்ப் பண்டிதருக்கு விஞ்ஞானம் தெரியாது. விஞ்ஞானம் படித்தவருக்குத் தமிழில் நாலு வரி எழுத வராது.

1920இல் லண்டன் பி.எஸ்ஸி. பட்டமும் கிடைத்தது. அதே ஆண்டு மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபரானார். மானிப்பாய் என்றதும் இன்னொருவரை நினைக்காமல் இருக்க முடியாது. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1864 முதல் அவ்வூரில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். கெமிஸ்தம் என்ற பெயரில் 1875இல் இரசாயன நூலொன்றைத் தமிழில் வெளியிட்டவர். அந்த நல்ல தொடக்கம் கிறீனோடு தளர்ந்துவிட்டது. உத்தியோகத்துக்கு ஆங்கிலமே வழி என்றானபின் தமிழில் விஞ்ஞானம் எதற்கு என்று பெற்றோரே கேட்டனர். ஆங்கிலப் பாடசாலைக்குச் சம்பளம் கட்ட வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கே விஞ்ஞானம். கிராமத்துத் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைக்கு வாசிப்பும் எழுத்தும் கணக்கும் போதும் என்ற நிலை வந்தது.

யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் அடிகள் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தை 1921இல் தாபிப்பதில் முன்னின்றார். பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் எனப் படிப்படியாகப் பரீட்சை வைத்த அச்சங்கமே வடபகுதித் தமிழாசிரியர் பலரைப் பயிற்றி எடுத்தது. அவர்கள் கைப்பட அரிவரி எழுதிப் பழகிய குடும்பங்கள் இன்றும் எத்தனையோ!

அதிபர் பதவி, சம்பளம், ஊரார் மதிப்பு எல்லாம் இருந்தும் 1922இல் அவற்றை விட்டுச் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் விபுலாநந்தர் என்ற துறவறப் பெயர் பெற்றார். 1925இல் நாடு திரும்பியவரிடம் மிஷன் பாடசாலைகள் ஒப்படைக்கப்பட்டன. வண்ணார்பண்ணை வைத்தீசுவர வித்தியாலயமும் கிழக்கில் பல கிராமப் பாடசாலைகளும் அவர் பொறுப்பில் வந்தன. 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடக்கினார்.

அக்காலத்து யாழ்ப்பாணத்தில் சில பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளுக்கு வாங்கு கிடையாது. நிலத்திலேதான் இருக்க வேண்டும். சம ஆசனம் கொடுக்கப்பட்டதற்காக 1930 அளவில் பாடசாலைகள் எரிக்கப்பட்ட கொடுமையும் இம்மண்ணில் நடந்தது. நாம் மறைக்கக்கூடாத சரித்திரம் இது. அடிகள் எந்தப் பக்கம் நின்றார் என்பதை அவர் செயலே காட்டும். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராகச் சென்றவர், பகலில் பட்டதாரிகளுக்குப் பாடஞ் சொல்லிவிட்டு, மாலையில் அருகிலிருந்த திருவேட்களத்துச் சேரிக்குப் போய் அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். பேராசிரியர் ஒருவர் அரிவரி சொல்லிக்கொடுப்பதா என்று மூக்கில் விரல் வைத்தவர்களும் இருந்திருப்பர்!

விஞ்ஞானத்துக்கு அவர் செய்த பெருந்தொண்டு கலைச்சொல்லாக்கம். இதன் அருமை வகுப்பறையில் நின்றவர்க்கே விளங்கும். விதை முளைப்பதையும் நீர் ஆவியாவதையும் பிள்ளைக்குக் காட்டலாம். கண்டதை அவன் தன் கொப்பியில் எழுத வேண்டுமானால் அதற்குச் சொல் வேண்டும். சொல் இல்லாவிட்டால் பிள்ளை மனனஞ் செய்யும், விளங்கிக்கொள்ளாது. ஆரம்ப வகுப்பில் எழுத்தறிவும் விஞ்ஞானமும் இரு பாடங்களல்ல என்பது என் எண்ணம்.

1930களின் தொடக்கத்தில் சென்னை அரசாங்கம் வெளியிட்ட சொற்பட்டியல் வடமொழிச் சொற்கள் மிகுந்து, சிறுவர் வாயில் நுழையாததாய் இருந்தது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் மாற்றுப் பட்டியல் தயாரிக்க முன்வந்தபோது, இரசாயனமும் தமிழும் ஒருங்கே கற்ற அடிகளையே நாடியது. 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்கு அவரே தலைமை வகித்தார். கணிதம், பௌதிகம், இரசாயனம், தாவரவியல் முதலிய துறைகளில் ஆயிரக்கணக்கான சொற்கள் 1938இல் நூலாக வெளிவந்தன. அவற்றுள் எல்லாம் நிலைத்தன என்று சொல்வதற்கில்லை. நம் நாட்டில் ஒட்சிசன், காபனீரொட்சைட்டு என்று மூலச்சொல்லைத் தமிழ் ஒலிக்கு அமைத்துக்கொண்டோம். தமிழகத்தார் வேதியியல் என்பதை நாம் இரசாயனவியல் என்கிறோம். பிள்ளைக்கு வாயில் வந்தாற் சரி.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1945இல் இலவசக் கல்வி வந்து ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனா மொழியானதை அவர் கண்ணாற் காணக் கிடைத்தது. மேல் வகுப்புகளில் தமிழில் விஞ்ஞானம் வந்ததும், அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகளை அச்சிட்டதும் அவருக்குப் பின்னரே.

பண்டைத் தமிழரின் யாழ்களை, நரம்பின் அதிர்வைக் கணிதத்தால் அளந்து, மீட்டெடுத்த யாழ் நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. இரசாயன ஆசிரியரின் கணக்கு மூளை இல்லாவிட்டால் அந்நூல் இல்லை. அடுத்த மாதம் 19ஆந் திகதி கொழும்பில் அடிகள் காலமானார். உடல் கல்லடிக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் கட்டிய பாடசாலையின் வளவிலேயே அடக்கஞ் செய்யப்பட்டது.