கூட்டத்துக்கு நடுவே தூங்கிய அமெரிக்க அதிபர்... குறட்டைக்கும் மறதி நோய்க்கும் என்ன தொடர்பு?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வர்றார் அப்பா. சாப்பிட்டு டிவி முன்னாடி உட்கார்ந்த அஞ்சாவது நிமிஷம் தூக்கம். பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும் குறட்டை. 'பாவம், உழைச்ச களைப்பு' என்று நாமும் விட்டுவிடுகிறோம். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் பல வீடுகளில் தினமும் பார்க்கும் காட்சிதான் இது.

ஆனால் அது வெறும் களைப்புதானா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய, நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரின் கதையைப் பார்க்கலாம். அவர் அமெரிக்காவின் 27-வது அதிபர் வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட்.

யார் இந்த டாஃப்ட்?

1857 செப்டம்பர் 15-ம் தேதி ஓஹியோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் படித்து, வழக்கறிஞராகி, இளம் வயதிலேயே நீதிபதி ஆனார். 1901-ல் அமெரிக்க ஆட்சியில் இருந்த பிலிப்பைன்ஸின் கவர்னர், பிறகு போர்த்துறை அமைச்சர், 1909-ல் அதிபர் என்று வரிசையாக உயர்ந்தார். ஆனால் அவர் மனசு முழுக்க இருந்தது நீதிமன்றத்தில்தான். அதிபராக வேண்டும் என்ற ஆசை அவரைவிட அவர் மனைவி ஹெலனுக்கே அதிகம் என்பார்கள்.

டாஃப்ட் உயரமானவர், உடம்பும் பெரிசு. அதிபர் பதவியை விட்டு இறங்கும்போது அவர் எடை சுமார் 150 கிலோ. அவருக்காகச் செய்த குளியல் தொட்டிக்குள் நாலு பேர் உட்கார்ந்து எடுத்த போட்டோ இன்றும் இணையத்தில் சுற்றுகிறது. ஆனால் அந்த எடை நிஜத்தில் சிரிக்கிற விஷயமாக இல்லை.

எங்கே உட்கார்ந்தாலும் தூக்கம்

வெள்ளை மாளிகையில் டாஃப்டின் ராணுவ உதவியாளராக இருந்தவர் ஆர்ச்சிபால்ட் பட். பின்னாளில் டைட்டானிக் கப்பலோடு கடலில் மூழ்கி இறந்தவர். அவர் குடும்பத்தினருக்கு எழுதிய கடிதங்களில் அதிபரின் தூக்கம் பற்றி நிறைய இருக்கிறது. கூட்டங்களில் தூங்கியிருக்கிறார். சீட்டு விளையாடும்போது தூங்கியிருக்கிறார். இறுதிச் சடங்கு ஒன்றில் முன் வரிசையில் உட்கார்ந்து தூங்கியிருக்கிறார். நாடாளுமன்றத்தின் கீழவை சபாநாயகர் நேருக்கு நேர் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகியிருக்கிறது.

சோம்பேறியா அவர்? இல்லவே இல்லை. விழித்திருக்கும் நேரத்தில் கடுமையாக உழைக்கக்கூடியவர். ஆனால் பதவிக் காலத்தில் அவர் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 200-ஐத் தாண்டியது. பதவியேற்ற இரண்டே மாதத்தில் மனைவி ஹெலனுக்கு பக்கவாதம். 1912 தேர்தலில் மூன்றாவது இடத்துக்குத் தள்ளப்பட்டுத் தோற்றார் டாஃப்ட்.

அதுக்கப்புறம்தான் கதையில் திருப்பம். 1913-ல் பதவி முடிந்து யேலுக்குப் பாடம் நடத்தப் போனார். ஓராண்டுக்குள் சுமார் 30 கிலோ எடையைக் குறைத்தார். ரத்த அழுத்தம் இறங்கியது. அந்தப் பகல் தூக்கமும் காணாமல் போனது!

அவருக்கு இருந்தது என்ன?

2003-ல் ஜான் சோட்டோஸ் என்ற அமெரிக்க மருத்துவர் பழைய கடிதங்களையும் குறிப்புகளையும் ஆராய்ந்து, டாஃப்டுக்கு இருந்தது 'ஸ்லீப் ஆப்னியா'வாகத்தான் இருக்க வேண்டும் என்று மருத்துவ இதழில் எழுதினார். டாஃப்ட் காலத்தில் இந்த நோய்க்குப் பெயரே கிடையாது. மருத்துவ உலகம் இதைத் தெளிவாக விவரித்தது 1965-ல்தான்.

ஸ்லீப் ஆப்னியா என்றால், தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை மூடிக்கொள்வது. குறைந்தது 10 விநாடி மூச்சு நிற்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறி எழுப்பும், ஒரு பெரிய குறட்டையோடு மூச்சு திரும்பும். மணிக்கு 5 முறைக்கு மேல் இப்படி நடந்தாலே கவனிக்க வேண்டும். 30 முறைக்கு மேல் என்றால் தீவிரம். தூங்குகிறவருக்கு இது எதுவும் தெரியாது. காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், இவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

கடைசி ஆண்டுகள்

1921-ல் டாஃப்டின் வாழ்நாள் கனவு நிறைவேறியது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஆனார். அதிபர் பதவி, தலைமை நீதிபதி பதவி இரண்டையும் வகித்தவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். நீதிமன்றத்துக்குத் தனிக் கட்டடம் வேண்டும் என்று போராடி வாங்கினார். வீட்டிலிருந்து நீதிமன்றத்துக்கு நடந்தே போவது அவர் வழக்கம்.

1924-ல் இருந்து இதயம் தொந்தரவு கொடுக்க ஆரம்பித்தது. 1929 மார்ச்சில் அதிபர் ஹூவருக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தபோது, உறுதிமொழியில் ஒரு சொல்லை மாற்றிச் சொல்லிவிட்டார். ரேடியோவில் கேட்ட 13 வயதுப் பள்ளி மாணவி அதைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதினார். தப்பு நடந்ததை டாஃப்ட் ஒப்புக்கொண்டார். ஆனால், தான் சொன்ன சொல்லையே வேறு மாதிரி நினைவு வைத்திருந்தார். அன்றைய படச்சுருள்களைப் போட்டுப் பார்த்தபோது மாணவி சொன்னதே சரி என்று தெரிந்தது.

அந்த ஆண்டின் கடைசி நாளில் அண்ணன் சார்லஸ் இறந்தார். அதன் பிறகு டாஃப்ட் வேகமாகத் தளர்ந்தார். 1930 ஜனவரி முடிவில் பேச்சு வரவில்லை, இல்லாதவை கண்ணுக்குத் தெரிந்தன. பிப்ரவரி 3-ம் தேதி ராஜினாமா. மார்ச் 8-ம் தேதி, 72 வயதில் மரணம். இதய நோயோடு மூளை ரத்தக் குழாய்கள் இறுகிப்போனதையும் மருத்துவர்கள் குறிப்பிட்டார்கள்.

அப்போ குறட்டைதான் காரணமா?

அப்படி அடித்துச் சொல்ல முடியாது. டாஃப்டுக்குத் தூக்கப் பரிசோதனை நடந்ததில்லை. எடை குறைந்த பிறகு பல ஆண்டுகள் தெளிவான மூளையோடு வேலை பார்த்தவர் அவர். ஆனால் உயர் ரத்த அழுத்தம், இதயம், மூளை ரத்தக் குழாய் என்று அவர் உடம்பில் சேர்ந்து வந்த பிரச்சினைகளை இன்றைய ஆய்வுகளும் சேர்த்தே பார்க்கின்றன.

2011-ல் வெளியான ஓர் ஆய்வில், மறதி நோய் இல்லாத 298 வயதான பெண்களைச் சுமார் 5 ஆண்டுகள் கவனித்தார்கள். தூக்கத்தில் மூச்சுப் பிரச்சினை இருந்தவர்களில் 44.8 சதவீதம் பேருக்கு நினைவாற்றல் குறைபாடோ டிமென்ஷியாவோ வந்தது. பிரச்சினை இல்லாதவர்களில் இது 31.1 சதவீதம். தூக்கம் கலைவதைவிட, ஆக்சிஜன் குறைவதுதான் இதோடு அதிகம் தொடர்புடையது என்றும் தெரிந்தது.

அதே நேரம், டிமென்ஷியாவைத் தடுக்க மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களை லான்செட் குழு 2024-ல் வெளியிட்டது. அந்தப் பட்டியலில் ஸ்லீப் ஆப்னியா இல்லை. ஆனால் உயர் ரத்த அழுத்தம், உடல் பருமன், சர்க்கரை நோய் இருக்கின்றன. மூன்றுமே ஸ்லீப் ஆப்னியாவோடு கைகோத்து வருபவை. அதைச் சரிசெய்தால் மறதி நோய் வரவே வராது என்பதற்கும் உறுதியான ஆதாரம் இன்னும் இல்லை. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிடப்படுகிறது.

நாம என்ன செய்யலாம்?

குறட்டை விடும் எல்லோருக்கும் இந்த நோய் இருக்கிறது என்று பயப்பட வேண்டாம். ஆனால் தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுகிறாரா, பகலில் பேசும்போதே கண் சொருகுகிறதா, மாத்திரை போட்டும் பிரஷர் குறையவில்லையா என்று வீட்டில் இருப்பவர்கள் கவனியுங்கள். பக்கத்தில் படுப்பவர்தான் முதல் சாட்சி. மூச்சு நிற்பதை போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டினால் ரொம்ப உதவும்.

முதலில் காது மூக்கு தொண்டை அல்லது நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிக்காரர்கள் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனையிலோ கேட்கலாம். தேவைப்பட்டால் ஓர் இரவு தூக்கப் பரிசோதனைக்குச் சொல்வார்கள். 1981-ல் அறிமுகமான 'சிபேப்' என்ற காற்றழுத்தக் கருவி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும். எடை குறைப்பதும், மதுவையும் தூக்க மாத்திரையையும் தவிர்ப்பதும், ஒருக்களித்துப் படுப்பதும் பலருக்குப் பலன் தரும்.

முக்கியமாக லாரி, பஸ், ஆட்டோ ஓட்டுபவர்கள் தள்ளிப்போடவே கூடாது. ஸ்டீயரிங்கில் கண் சொருகும் அந்த ஒரு விநாடி, மறதி நோய்க்குப் பல வருஷம் முன்னாடியே உயிரை வாங்கிவிடும்.

டாஃப்ட் காலத்தில் இந்த நோய்க்குப் பெயரும் இல்லை, பரிசோதனையும் இல்லை. இப்போது இரண்டும் இருக்கின்றன. இன்னைக்கு ராத்திரி அப்பா தூங்கும்போது, ஒரு அஞ்சு நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மூச்சைக் கவனித்துப் பாருங்கள்.